குறுக்குக் காற்று: எந்தக் கொடியை நம்புவது?

கேள்வி: 600 மீட்டர் இலக்குச் சுடுதலில், என் அருகிலுள்ள கொடியும் இலக்கருகே உள்ள கொடியும் எதிரெதிர்த் திசைகளைக் காட்டினால், எதை வைத்துக் குறியில் திருத்தம் செய்ய வேண்டும்?

மறுமொழி: இரண்டின் வேகமும் ஒன்றானால் உங்கள் அருகில் வீசும் காற்றின் தாக்கமே அதிகம், ஏனெனில் அங்கே குண்டு பெறும் சிறிய கோண விலகல், மீதித் தூரம் முழுவதும் விரிந்துகொண்டே செல்கிறது. ஆயினும் நடுவழிக் காற்றையும் புறக்கணிக்காதீர்கள்.

மறுமொழி: வீசும் கோணமும் முக்கியம். சுடும் திசைக்குச் செங்குத்தாகக் குறுக்கே வீசினால் முழுத் திருத்தம், அத்திசையிலிருந்து 30 பாகை விலகி வீசினால் பாதி. 45 பாகைக்கும் பாதி போதும் என்று பலர் கருதுகிறார்கள். சரியான அளவு ஏறத்தாழ 70 விழுக்காடு.

மறுமொழி: கொடியைவிடக் கானல் அலையையே (வெப்பத்தால் காற்று நெளிவதுபோல் தெரியும் அலையையே) நான் பெரிதும் நம்புகிறேன். தொலைநோக்கியின் குவியத்தை இலக்குக்குச் சற்று முன்னால் நிறுத்தினால், அலைகள் ஓடும் பக்கம் தெளிவாகத் தெரியும். அவை நேராக மேலெழுந்து கொதிப்பதுபோல் தோன்றினால், காற்று திசைமாறும் தருணமாக அது இருக்கலாம் என்பதால், சுடாமல் காத்திருங்கள்.