தவளை இளவரசன் கதையைக் கனமான நடையில் திருப்பி எழுதுவது எப்படி?

கேள்வி:
தங்கப் பந்தைக் கிணற்றில் தொலைத்த இளவரசியின் கதையை, விளையாட்டுத்தனம் இல்லாத சிறுகதையாகத் திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறேன். கிணற்றில் ஒரு பிணம், அரண்மனையில் சதி, விடாத மழை என்றெல்லாம் சேர்த்தும், படித்தவர்கள் குழந்தைக் கதைக்குக் கறுப்புச் சட்டை மாட்டியதுபோல் இருக்கிறது என்கிறார்கள். தவளை வாய் திறந்ததுமே நடை தடுமாறுகிறது. அதைப் பேசாத தவளையாக்கிவிடலாமா?

பதில் 1:
தவளை பேசட்டும். அது எப்படிப் பேசுகிறது என்று நீங்கள் விளக்கப் புகும்போதுதான் நடை தடுமாறும். கதைக்குள் யாரும் வியக்காவிட்டால் வாசகரும் வியக்கமாட்டார். பிணமும் சதியும் வேண்டாம். பந்தை எடுத்துத் தருவதாகச் சொல்லும் தவளைக்கு, பதற்றத்தில் ஒரு சிறுமி வாக்குக் கொடுத்துவிடுகிறாள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றச் சொல்லி, அவள் அருவருக்கும் ஒன்றைத் தன் தட்டிலேயே உண்ணவிடும்படி தந்தை கட்டளையிடுகிறார். இதைவிடக் கனமாக என்ன வேண்டும்? வேடிக்கைக் கதை நாலு வரியில் தாண்டிவிடும் இந்த இடத்தில் நீங்கள் நின்று எழுதுங்கள்: மேசைத்துணியில் பதியும் ஈரத் தடம், விழுங்க முடியாமல் அவள் தண்ணீரையே குடித்துக்கொண்டிருப்பது, அதைக் கண்டும் தந்தை தலை நிமிராமல் உண்பது.

பதில் 2:
இதை ஒட்டி ஒன்று. ஜெர்மானிய நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டிய கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட தொகுப்பின் முதல் கதையே இதுதான். இளவரசி முத்தமிட்டதும் தவளை இளவரசனாகும் முடிவு அதில் கிடையாது. இளவரசி ஆத்திரத்தில் தவளையைச் சுவரில் ஓங்கி எறிகிறாள், அது இளவரசனாகிறது. கடைசியில் ஹைன்ரிஹ் என்ற பணியாள் வருகிறான். எஜமானன் தவளையான துயரில் நெஞ்சு வெடித்துவிடாதிருக்க மூன்று இரும்புப் பட்டைகளால் அதைக் கட்டியிருந்தவன்; திரும்பும் வழியில் அவை ஒவ்வொன்றாகத் தெறிக்க, வண்டிதான் உடைகிறதோ என்று இளவரசன் கேட்கிறான். முத்தத்தோடு முடிக்கும் வடிவங்களில் இவனுக்குப் பெரும்பாலும் இடமிருப்பதில்லை. ஆனால், சிரிப்பை முழுவதும் துடைத்துவிட வேண்டும் என்று நான் கருதவில்லை. தவளை படியேறி வரும் ஓசையில் சற்றுச் சிரிப்பு இருந்தால்தான் அடுத்து வரும் மேசைக் காட்சி உறைக்கும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஹைன்ரிஹை நான் அறிந்திருக்கவில்லை. வண்டியில் அவன் பின்னால் நின்று வருவதிலிருந்தே கதையைத் தொடங்கிப் பார்க்கிறேன். பிணத்தை எடுத்துவிட்டேன். மழையை எடுக்கத்தான் இன்னும் மனம் வரவில்லை.