ஸ்வாதி தாண்டேகர் 2011-ல் செனட்டை விட்டுப் போனது சரியா?

கரிசக்காடு:
நாக்பூரில் பிறந்து 1973-ல் அமெரிக்கா போய், அயோவா சட்டமன்றத்தில் உட்கார்ந்த முதல் இந்திய வம்சாவளிக்காரர் என்று எல்லாரும் புகழ்கிறோம். சரி, 2011-ல் நடந்ததை ஏன் யாரும் பேசுவதில்லை? அயோவா மாநிலச் சட்டமன்றத்தின் மேலவையான செனட்டில் மொத்தம் 50 இடம், அவருடைய ஜனநாயகக் கட்சிக்கு 26, குடியரசுக் கட்சிக்கு 24. குடியரசுக் கட்சி ஆளுநர் டெரி பிரான்ஸ்டாட் அவரை மின்சார, எரிவாயுக் கட்டணங்களை ஒழுங்குபடுத்தும் மாநில வாரியத்துக்கு நியமித்ததும் ராஜினாமா செய்துவிட்டார். இடைத்தேர்தலில் அந்த இடம் கைமாறியிருந்தால் 25-25 ஆகி, பெரும்பான்மை போயிருக்கும். கீழவையும் ஆளுநர் பதவியும் ஏற்கெனவே குடியரசுக் கட்சி கையில். தன்பாலினத் திருமணத்தை 2009-ல் அனுமதித்த அயோவா உச்ச நீதிமன்றத் தீர்ப்பை முறியடிக்க அவர்கள் அரசியலமைப்புத் திருத்தத்துக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள், அதை ஓட்டெடுப்புக்கே விடாமல் தடுத்து நின்றது இந்த செனட்தான். கட்சிக்காரர்கள் கொதித்ததில் என்ன தப்பு?

மேகலா:
அவர் எப்படி அந்த இடத்துக்கு வந்தார் என்பதையும் சொல்லுங்கள். 1996-ல் உள்ளூர்ப் பள்ளிகளை நிர்வகிக்கும் லின்-மார் பள்ளி வாரியத்தில் தொடங்கியவர். 2002-ல் கீழவைக்கு நின்றபோது எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சிப் பெண் ஒரு மின்னஞ்சல் எழுதினார்: நான் நம் ஊர் உழைப்பைப் பார்த்து வளர்ந்தேன், இவர் சாதி இருக்கிற இந்தியாவில் வளர்ந்தவர், அந்த வளர்ப்பு அயோவாவில் சட்டம் இயற்ற எப்படி உதவும் என்று. அப்போது அவர் அயோவாவுக்கு வந்து கிட்டத்தட்ட முப்பது வருஷம்! அதையும் தாண்டி ஜெயித்தார், 2008-ல் செனட்டுக்கும் போனார். அப்படி உழைத்தவர் வேறு பொதுப்பணிக்குப் போனால் துரோகமா? அந்த வாரியத்தில் மூன்றே உறுப்பினர்கள், ஒரே கட்சிக்காரர்கள் இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். ஆக ஜனநாயகக் கட்சியிலிருந்து ஒருவரைப் போடுவதில் சதி எதுவும் இல்லை.

கரிசக்காடு:
மாநிலம் முழுக்க ஜனநாயகக் கட்சிக்காரர்கள் இருந்தார்களே, எந்தப் பக்கமும் சாயக்கூடிய தொகுதியில் இருந்த ஒரு செனட்டரைத் தேடிப் பிடித்தது எதற்கு? ஆளுநரின் கணக்கு அவருக்கு. அது புரியாத அளவுக்கு இவர் அரசியலுக்குப் புதியவர் இல்லை. அந்த மின்னஞ்சலைப் படித்துவிட்டு, அதைப் பொருட்படுத்தாமல் இவருக்கு ஓட்டுப் போட்டார்களே, அந்த மக்கள் கொடுத்தது நாலு வருஷப் பதவிக்காலம். மூன்று வருஷம்கூட முழுசாக முடியவில்லை.

வைகைக்கரை:
இதில் தாண்டேகரை மட்டும் ஏன் பிடித்துக்கொள்கிறீர்கள்? நெல்லூரில் பிறந்து நம்ம கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த உபேந்திர சிவுகுலா நியூ ஜெர்சி சட்டமன்றத்தில் 2002 முதல் இருந்தார். 2014-ல் அவரும் இதே மாதிரி மின்சார ஒழுங்குமுறை வாரியத்துக்குத்தான் போனார். நியமித்தவர் கிறிஸ் கிறிஸ்டி, அவரும் குடியரசுக் கட்சிதான். யாரும் துரோகி என்று சொல்லவில்லையே.

கரிசக்காடு:
அண்ணே, அங்கே காலியாகிற இடத்தை அதே கட்சியின் உள்ளூர்க் குழுவே தற்காலிகமாக நிரப்பிக்கொள்ளும். பெரும்பான்மைக்கு எந்த ஆபத்தும் இல்லை. அயோவாவில் நேராக இடைத்தேர்தல். ரெண்டும் எப்படி ஒன்றாகும்?

மேகலா:
அந்த இடைத்தேர்தலில் என்ன ஆனது? தொலைக்காட்சி செய்தி வாசிப்பாளராக இருந்த லிஸ் மாதிஸ் நின்று நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தார். 26 அப்படியே இருந்தது. நடக்காத ஒன்றுக்காக ஒருவரை எத்தனை வருஷம் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவீர்கள்? அப்போது சட்டமன்றச் சம்பளம் வருஷத்துக்கு 25,000 டாலர்தான். வேலைக்காகப் பதவி விலகிய வெள்ளைக்கார ஆண்கள் எத்தனையோ பேர், அவர்களிடம் யாரும் நன்றிக்கடன் கேட்பதில்லை. வந்தேறி என்றால் மட்டும் காலமெல்லாம் விசுவாசத்தை நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டுமா? இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கரிசக்காடு:
மாதிஸ் ஜெயித்தது மாதிஸின் உழைப்பு, கட்சித் தொண்டர்கள் வீடு வீடாக ஏறி இறங்கியதன் பலன். 2014-ல் இவர் அமெரிக்கக் காங்கிரசுக்கு நிற்க வாரியத்தையும் விட்டுவிட்டு வந்தபோது, உட்கட்சித் தேர்தலில் அயோவா கீழவையின் முன்னாள் சபாநாயகர் பாட் மர்ஃபியிடம் தோற்றார். 2011-ன் கசப்பும் அதில் இருந்தது என்றே நினைக்கிறேன். அதே தேர்தலில் போஸ்னியாவிலிருந்து அகதியாக வந்த அனேசா கஜ்தாசோவிச்சும் நின்றார், சட்டமன்ற உறுப்பினர்தான். அவரிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை, ஏனென்றால் அவர் தன் இடத்தைப் பாதியில் விடவில்லை.

மேகலா:
அவரும்தான் தோற்றார்! விசுவாசமாக இருந்ததற்குக் கட்சி அவருக்கு என்ன கொடுத்தது? 2016-ல் ஆசிய வளர்ச்சி வங்கியில் அமெரிக்காவின் பிரதிநிதியாகத் தாண்டேகரை அமர்த்தியது ஒபாமா, அதே ஜனநாயகக் கட்சி. நீங்கள் சொல்கிற கசப்பு அவர்களுக்கே ஐந்து வருஷத்தில் போய்விட்டது.

கரிசக்காடு:
வாஷிங்டனுக்குப் போயிருக்கும். அவருக்கு ஓட்டுப் போட்ட மேரியன் தொகுதிக்காரர்களுக்குப் போனதா என்பதுதான் என் கேள்வி.