ஏ பட்டனை அமுக்கினால் ஆள் வலது பக்கம் ஓடுகிறான்: சூப்பர் நிண்டெண்டோ கண்ட்ரோலர் சிக்கல்

பிளைவுட்டில் நானே செய்த ஆர்கேட் பெட்டி, உள்ளே ராஸ்பெர்ரி பை 4 (சின்ன கணினி), அதில் ரெட்ரோபை (பழைய கேம்களை ஓட்டும் மென்பொருள்). பழைய ஒரிஜினல் சூப்பர் நிண்டெண்டோ கண்ட்ரோலர் இரண்டை ஆர்டுயினோ லியோனார்டோ (மைக்ரோகண்ட்ரோலர் போர்டு) வழியாக யூஎஸ்பி ஜாய்ஸ்டிக்காக இணைத்திருக்கிறேன். லாட்ச் (பட்டன் நிலைகளைப் பிடித்து வைக்கும் சிக்னல்), கிளாக் (அவற்றை ஒரு துடிப்புக்கு ஒன்றாக வரிசையில் நகர்த்தும் சிக்னல்) ஒயர்கள் இரண்டு கண்ட்ரோலருக்கும் பொது, பட்டன் நிலை வரும் டேட்டா ஒயர் மட்டும் தனித்தனி, 5 வோல்ட்.

மேஜைமேல் சின்ன ஒயரில் அருமையாக ஓடியது. போன மாதம் பெட்டிக்குள் மாட்டி, இரண்டாவது ஆளுக்கு 2 மீட்டர் ஒயர் இழுத்த பிறகு அந்தப் பக்கம் மட்டும் அடிக்கடி பட்டன்கள் ஒரு இடம் தள்ளிப் படிக்கப்படுகின்றன: ஏ அமுக்கினால் வலது, வலது அமுக்கினால் இடது, செலக்ட் அமுக்கினால் ஒய். கிளாக் ஒயரில் இரைச்சல் புகுந்து ஒரு துடிப்பு கூடுதலாகப் போகிறது என்பது என் சந்தேகம்.

கண்ட்ரோலரை மாற்றிப் போட்டேன், கோளாறு ஒயரோடுதான் இருக்கிறது. டேட்டாவில் 10 கிலோ ஓம் புல்-அப் (ஒயரை 5 வோல்ட்டோடு இணைக்கும் ரெசிஸ்டர்), சாக்கெட் பக்கத்தில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டாயிற்று, கிளாக்கை 6 மைக்ரோசெகண்டிலிருந்து 12 ஆக்கினேன், பலனில்லை. ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபையரை அணைத்தால் கொஞ்சம் குறைகிறது, ஆனால் சத்தமே இல்லாமல் ஆர்கேட் எதற்கு?

கோவையில் இருக்கிறேன், சாதாரண பாகங்கள் கிடைக்கும். ஒயர் நீளத்தைக் குறைக்க வழியில்லை. கிளாக் லைனில் தொடராக 100 ஓம் ரெசிஸ்டர் போட்டால் போதுமா, இல்லை ஷ்மிட் ட்ரிக்கர் ஐசி (இரைச்சல் கலந்த சிக்னலைச் சுத்தமான துடிப்பாக்கும் சிப்) வைத்தே ஆக வேண்டுமா?