ஏ-10சி ஓட்டுகிறவர்களே, இன்னும் உறுத்துகிற ஒரு சம்பவம் சொல்லுங்கள்

காட்பாடி ஜங்ஷன்:

நேராக விஷயத்துக்கு வருகிறேன். டிசிஎஸ் என்ற கணினி விமான விளையாட்டு, அதில் ஏ-10சி டூ என்ற அமெரிக்கத் தாக்குதல் விமானம், காகசஸ் மேப். போன மே மாதம், அக்னி நட்சத்திரம். இரவு 11 மணிக்கும் அறை தோசைக்கல் மாதிரி காய்ந்தது. செனாகி விமானத் தளத்திலிருந்து ஏறினேன். கூட ராணிப்பேட்டை நண்பன். அவன் பறக்கவில்லை. தரை வண்டி ஓட்டுகிற கம்பைன்ட் ஆர்ம்ஸ் வைத்திருக்கிறான், அதனால் கீழே ஸ்ட்ரைக்கர் கவச வண்டியில் இருந்தான். காலி என்ற ஊர்ப் பக்கமிருந்து (பெயரே அதுதான்) எதிரி இங்குரி பாலத்துக்கு வருவான், நான் மேலேயிருந்து உடைக்க வேண்டும். இவ்வளவுதான் திட்டம்.

பாலத்தின் மேல் மூன்றாவது ஸ்டியர்பாயின்ட் (வழிப்புள்ளி) போட்டிருந்தோம். பாடில், அதாவது விமானத்தில் மாட்டிய இலக்குக் கேமராவில், பார்த்தால் பாலத்துக்கு அந்தப் பக்கம், ஒரு தோப்பு ஓரமாக எதிரியின் பிடிஆர்-80 கவச வண்டிகள் மூன்று. ஜாய்ஸ்டிக்கில் இலக்கு குறிக்கிற டிஎம்எஸ் சுவிட்சை முன்னால் ஒரு தட்டு, ட்ராக் ஆனது. எல்லாவற்றையும் குறித்த புள்ளிக்குத் திருப்புகிற சைனா ஹேட் சுவிட்சை முன்னால் அழுத்திப் பிடித்தேன், மேவரிக் ஏவுகணையின் கண் திரும்பியது. அதன் திரையிலும் எட்டுச் சக்கர வண்டி ஒன்று சூட்டில் வெள்ளையாக நின்றது. லாக். ரைஃபிள், அதாவது ஏவிவிட்டேன்.

என்ன தப்பு என்று இதை ஓட்டுகிறவர்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். டிஎம்எஸ்-ஐத் தட்டினேன், அழுத்திப் பிடிக்கவில்லை. எஸ்பிஐ, அதாவது எல்லாக் கருவியும் பார்க்கிற புள்ளி, பாடுக்கு மாறவே இல்லை. ஸ்டியர்பாயின்ட்டிலேயே கிடந்தது. மேவரிக் பார்த்தது தோப்பை இல்லை, பாலத்தை. ஸ்ட்ரைக்கருக்கும் எட்டுச் சக்கரம், பிடிஆருக்கும் எட்டுச் சக்கரம். சூட்டுப் படத்தில் இரண்டும் அண்ணன் தம்பி.

ஏவியது 9 கிலோமீட்டரில். போய்ச் சேர ஏறக்குறைய அரை நிமிடம். பத்து நொடி போயிருக்கும், என் கண் முன் கண்ணாடியில் தெரிகிற ஹட்டின் இடது கீழ் மூலைக்குப் போனது. அங்கே பச்சையாக எஸ்டிபிடி, ஸ்டியர்பாயின்ட்டின் சுருக்கம், என்று இருந்தது. முன்பிருந்தே அதுதான் இருந்தது. மிச்சம் இருபது நொடி. மேவரிக் டி-யை விட்டால் விட்டதுதான், திருப்பிக் கூப்பிட வழி இல்லை. ஹெட்செட்டில் அவன் ஏதோ கல்யாணப் பிரியாணியில் தனக்கு லெக் பீஸ் வராத கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு வாய் வரவில்லை. கதை பாதியில் நின்றது. அப்புறம், "செத்துட்டேன்பா. இன்னாது அது?" என்றான்.

"தெரியலடா, ஷில்காவா இருக்கும்" என்றேன்.

57 கிலோ வெடிதலை அவன் மேல் விழுந்ததைவிட, எதிரியின் விமான எதிர்ப்புப் பீரங்கி வண்டி மேல் பழி போட்ட இந்த ஷில்காதான் எனக்கு இன்றுவரை தொண்டையில் நிற்கிறது.

ஆம்பூர் நைட் ஷிப்ட்:

என்னிடம் ஏ-10சி இல்லை. இலவசமாக வருகிற ரஷ்யத் தாக்குதல் விமானம் சு-25டி-தான். காசு கொடுத்து வாங்கியவர்கள் சிரிக்கலாம். 16 விக்கிர் ஏவுகணை தூக்குகிற வண்டி, 23 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிற ஷ்குவால் கேமரா, எனக்குப் போதும்.

விக்கிர் விட்டவர்களுக்குத் தெரியும், விட்டுவிட்டு ஓட முடியாது. லேசர் கற்றையைப் பிடித்துக்கொண்டுதான் அது போகும், அடிக்கிறவரை மூக்கைத் திருப்பாமல் எதிரியைப் பார்த்தே போக வேண்டும். எனக்கு எதிரே இருந்தது டங்குஸ்கா என்ற விமான எதிர்ப்பு வண்டி. அதன் ஏவுகணையும் 8 கிலோமீட்டர் வரும். ஆக, யாருடையது முதலில் சேருகிறது என்பதுதான் போட்டி. ஒரு மாதமாக அந்த ஒரே மிஷனில் அந்த ஒரே டங்குஸ்காவிடம் செத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக நான் முந்தி விட்டேன். எண்ணிக்கொண்டே வருகிறேன், ஐந்து, நான்கு...

கரண்ட் போச்சு.

யூபிஎஸ் ஒரு தடவை "கீ" என்றது, அதுவும் போச்சு. இருட்டில் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறேன். அம்மா உள்ளேயிருந்து, "நல்லதாப் போச்சு, படு" என்றார்கள். காலை ஆறு மணிக்குக் கரண்ட் வந்ததும் பார்த்தேன், விளையாட்டைப் பதிவு செய்கிற ட்ராக் கோப்பு பாதியில் அறுந்து கிடந்தது, திறக்கவே இல்லை. பட்டதா இல்லையா? ஒன்றரை வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு அதே மிஷனில் அதை நாலைந்து தடவை அடித்துவிட்டேன். அன்றைக்கு விட்டது என்ன ஆனது என்பதுதான் தெரியவில்லை.

ஆரணிக்காரன்:

என் கதை சின்னது. ஏ-10சி-யில் அடிபட்டு இரண்டு ஹைட்ராலிக்கும் போய், கை பலத்தாலேயே ஓட்டுகிற மேனுவல் ரிவர்ஷனுக்கு மாற்றி, படுமி விமான நிலையம் வரை கொண்டுவந்தேன். ஓடுதளத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் கடலில் இறங்கியது. அவ்வளவுதான்.

இப்போது மேலே எழுதியவர்களுக்கு. காட்பாடி நண்பரே, இது பழக்கம் சம்பந்தப்பட்டது. பாடில் இலக்கு வந்ததும் டிஎம்எஸ்-ஐ முன்னால் அழுத்திப் பிடியுங்கள், தட்டாதீர்கள். ஹட் மூலையில் எஸ்டிபிடி போய் டிஜிபி (அதாவது பாட்) வந்ததா என்று வாய்விட்டுப் படியுங்கள். அதற்குப் பிறகுதான் சைனா ஹேட். ஒரு இலக்கு முடிந்ததும் டிஎம்எஸ்-ஐப் பின்னால் அழுத்திப் பிடித்து ஸ்டியர்பாயின்ட்டுக்குத் திரும்பிவிடுங்கள், பழைய எஸ்பிஐ ஒட்டிக்கொண்டு வராது. லேசர் சுவிட்ச் ஆர்மில் இருக்கிறதா, லேசர் கோடு 1688-தானா என்றும் பாருங்கள். பாதிப் பேர் அதைப் பார்ப்பதில்லை. பிறகு உயரம். 12,000 அடிக்குக் கீழே எதற்கு இறங்குகிறீர்கள்? ஷில்காவின் குண்டு இரண்டரை கிலோமீட்டர்தான் வரும், தோளில் வைத்துச் சுடுகிற இக்லா ஏவுகணையும் அந்த உயரத்துக்கு எட்டாது. தலையைத் திருப்பிப் பார்க்க விலை உயர்ந்த கருவி வேண்டாம், பழைய வெப்கேமரா ஒன்றும் ஓப்பன்ட்ராக் மென்பொருளும் போதும். மே மாதத்தில் கையில் வியர்வை வழுக்கும், ஜாய்ஸ்டிக்கில் கிரிக்கெட் பேட்டின் கிரிப் டேப்பைச் சுற்றுங்கள். நாற்காலியில் சக்கரம் இருந்தால் கழற்றிவிடுங்கள், ரட்டர் பெடலை மிதித்தால் நாற்காலி பின்னால் போகும்.

ஆம்பூர் நண்பருக்கு ஒரு திருத்தம். தலைப்பு நவீனப்படுத்திய தாக்குதல் விமானத்தைப் பற்றியது. சு-25டி ரகம் முதலில் பறந்தது 1984-ல். ஏ-10சி 2007-ல் பணிக்கு வந்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. யூபிஎஸ் பேட்டரியையும் மாற்றுங்கள்.

ஆம்பூர் நைட் ஷிப்ட்:

ஏ-10 மட்டும் என்ன, நேற்று பிறந்ததா? 1972-ல் பறந்த உடம்பு. உள்ளே பழைய முள் மீட்டரைக் கழற்றிவிட்டு இரண்டு கலர் திரை வைத்தார்கள், பாட் மாட்டினார்கள், ஸ்மார்ட் குண்டு போட வைத்தார்கள். சு-25டி-யும் அதே வேலைதான். இரண்டு பேர் உட்காருகிற பயிற்சி விமானத்தில் பின் சீட்டை எடுத்துவிட்டு அங்கே கருவிகளை வைத்தார்கள். வீட்டை இடிக்காமல் உள்ளே மாற்றிக் கட்டினால் நம் ஊரில் அதற்கும் கிரகப்பிரவேசம் உண்டு.

பேட்டரி மாற்றியாகிவிட்டது, நன்றி.

கம்மவான்பேட்டை:

எங்கள் ஊரை ராணுவப்பேட்டை என்றும் சொல்வார்கள், வீட்டுக்கு வீடு பட்டாளத்து ஆள். என் பெரியப்பா விமானப்படை, ஜாகுவார் போர் விமானத் தரைப்பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். பொங்கலுக்கு வந்தவர் என் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இது என்ன ப்ளேன் என்று கேட்டார், அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

நான் கோல்ட் ஸ்டார்ட், அதாவது எல்லாம் அணைந்த விமானத்தை முதலிலிருந்து கிளப்புவது, செய்து காட்டினேன். பேட்டரி, இன்வெர்ட்டர், ஏபியூ என்ற துணை இன்ஜின், இடது இன்ஜின், வலது இன்ஜின், பிறகு ஈஜிஐ என்ற வழிகாட்டும் கருவி சீராகிறவரை நாலு நிமிடம் காத்திருப்பு. அந்த நாலு நிமிடத்தை நான் எப்போதும் மொபைலில் போக்குவேன். அவர் திரையை விட்டுக் கண் எடுக்கவில்லை. ஜாகுவார் 1979-ல் நம்மிடம் வந்ததையும், பிறகு டாரின் என்று புதிய வழிகாட்டும் கருவிகள் போட்டதையும் சொன்னார். வெயில் காலத்தில் முழு லோடு ஏற்றினால் அதன் இன்ஜின் திணறும், ஓடுதளம் முழுக்க ஓடித்தான் எழும்பும் என்றார். "நம்ம வேலூர் வெயில்ல இத ஏத்தினா என்னா பண்ணுவே?" என்று கேட்டார். மிஷன் எடிட்டரில் வெப்பத்தை 42 ஆக்கி, இறக்கை நிறைய குண்டு மாட்டிக் காட்டினேன். ஓடியது, ஓடியது, கடைசியில்தான் எழும்பியது. அவருக்கு ஒரே சிரிப்பு.

நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால் நடந்தது. எனக்கு ஒரு கெட்ட பழக்கம், பார்க்கிங்கில் நிற்கும்போதே ஆயுதங்களை உயிர்ப்பிக்கிற மாஸ்டர் ஆர்ம் சுவிட்சைப் போட்டுவிடுவேன், மேலே போய் மறக்காமல் இருக்க. அன்றைக்கும் போட்டேன். பின்னாலிருந்து, "ஏய்!" என்று ஒரு அதட்டல். அவர் எழுந்துவிட்டார். கை என் தோளைத் தாண்டிப் போய், மானிட்டரில் அந்தச் சுவிட்ச் தெரிகிற இடத்தில் விரலை வைத்துக் கீழே தள்ளினார். கண்ணாடியில் விரல் வழுக்கியது. ஒரு நொடி அப்படியே நின்றார். பிறகு துண்டை எடுத்துத் திரையில் பட்ட விரல் ரேகையைத் துடைத்தார்.

"கீழ ஆள் நிப்பான்டா" என்றார்.

அங்கே ஆள் இல்லை, விளையாட்டு என்று நான் சொல்லவில்லை. மவுஸால் சுவிட்சை இறக்கினேன். இப்போதும் ஓடுதளத்தில் ஏறுவதற்கு முன் அதைத் தொட்டால் தோளுக்கு மேல் கை வருகிற மாதிரி இருக்கிறது.

ஆரணிக்காரன்:

பெரியப்பா சொன்னது சரி. ஓடுதளத்திலும் போடக் கூடாது, சண்டை நடக்கிற இடத்துக்குள் நுழையும்போதுதான் போட வேண்டும்.

அரக்கோணம் லைன்:

இங்கே எல்லோரும் சுவிட்சைப் பற்றியே பேசுகிறீர்கள், என்னுடையது சத்தம். ராஜாளி கடற்படைத் தளத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவன். 2017 வரை டி.யு-142 என்ற பெரிய ரோந்து விமானம் இருந்ததே, அது கிளம்பினால் வகுப்பில் வாத்தியார் பேச்சை நிறுத்திவிடுவார், அடங்கிய பிறகுதான் தொடர்வார். இப்போது பி-8ஐ என்ற ஜெட் ரோந்து விமானம், அதற்கு அந்தக் குரல் இல்லை.

ஒரு சாயங்காலம் ஹெட்செட் இல்லாமல் ஸ்பீக்கரில் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். பள்ளத்தாக்குக்குள் தாழ்வாகப் போகிறேன் (ஆரணி அண்ணா, திட்டாதீர்கள்). திடீரென்று பின்னால் ஜெட் சத்தம். ஏவுகணையை ஏமாற்றுகிற ஃப்ளேர் நாலைக் கொட்டி, முழுசாக இடது பக்கம் வெட்டி, மலையில் போய் மோதினேன். சத்தம் நிற்கவில்லை. ஜன்னல் கம்பி அதிர்கிறது. வெளியே எட்டிப் பார்த்தால் பி-8ஐ சக்கரத்தை இறக்கிக்கொண்டு தளத்துக்குப் போகிறது.

இதில் உறுத்த என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருபது வருடம் அந்தச் சத்தத்துக்குக் கீழே சோறு தின்றவன் நான். விளையாட ஆரம்பித்து மூன்று மாதத்தில் அதைக் கேட்டுப் பயந்துவிட்டேன்.

காட்பாடி ஜங்ஷன்:

ஆரணி அண்ணா, நான் யோசனை கேட்கவில்லை. மேவரிக் டி சூட்டைப் பார்த்துப் போவது, அதற்கு லேசரே வேண்டாம், 1688 எங்கே வந்தது? எஸ்பிஐ எனக்கு இப்போது தூக்கத்திலும் வரும். என் பிரச்சினை அந்த இருபது நொடி. நான் சொல்லியிருந்தாலும் பயன் இருந்திருக்காது, நகர்கிற வண்டியையும் அது துரத்தும் என்று தெரியும். ஆனால் வாயைத் திறக்காததற்கு அது காரணம் இல்லையே. மறுநாள் ஸ்டேஷன் எதிரே டீ குடித்தோம். அப்போதும் சொல்லவில்லை. அவன், "நேத்து அந்த ஷில்கா நல்லா குறி பாத்து அடிச்சான்ல?" என்றான். ஆமாம் என்றேன்.

ராணிப்பேட்டை எட்டுச் சக்கரம்:

இந்த இழையை எனக்கு அனுப்பியது அரக்கோணம். நான்தான் அந்த ஸ்ட்ரைக்கர்.

மச்சான், யார் யாரை அடித்தார்கள் என்று சர்வர் சாட்டில் ஒரு வரி வரும். நீ அதை மறைத்து வைத்திருக்கிறாய் போல. எனக்கு அன்றைக்கே வந்தது, உன் பெயரும் மேவரிக்கும் போட்டு. நீ ஷில்கா என்றாய், சரி என்று விட்டேன்.

ஏன் விட்டேன் என்றால், நீ என்னை சுக்டிடி ஊருக்குள்ளேயே நிற்கச் சொல்லியிருந்தாய். பாலத்துக்கு வராதே என்று இரண்டு தடவை சொன்னாய். எனக்கு அங்கே சும்மா நிற்கப் பிடிக்கவில்லை, நீ அடிப்பதைப் பக்கத்தில் பார்க்கலாம் என்று லைட்டை அணைத்துவிட்டு மெதுவாக வந்து பாலத்தின் ஓரமாக நின்றேன். அதை நீ கவனிக்காமல் இருக்கத்தான் அந்த லெக் பீஸ் கதையை இழுத்துக்கொண்டிருந்தேன்.

கதையில் மிச்சம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஆன்லைன் வா. இந்தத் தடவை நான் பறக்கிறேன், நீ கீழே நில்.