குலை நோய்ப் பூஞ்சை ஹைட்ரஜன் பெராக்சைடை எப்படிச் சமாளிக்கிறது?

வரப்போரம் (கேள்வி):
வணக்கம். தாவர நோயியலில் முதுநிலைப் படிப்பு படிக்கிறேன். நெல்லைத் தாக்கும் குலை நோய்ப் பூஞ்சை நுழைய முற்படும்போது நெல் இலையின் செல் சவ்விலுள்ள ஆக்சிடேஸ் நொதி, ஆக்சிஜனின் வினைத்திறன் மிக்க வடிவமான சூப்பர் ஆக்சைடை உருவாக்குகிறது என்றும், அது ஹைட்ரஜன் பெராக்சைடாக மாறிப் பூஞ்சையைத் தாக்குகிறது என்றும் படித்தோம். ஆக்சிஜனேற்ற நெருக்கடியை எதிர்க்கும் மரபணுக்களை முடுக்கிவிடுவது யாப்1 என்ற புரதம். அதை நீக்கினால் குலை நோய்ப் பூஞ்சையும் மக்காச்சோளக் கரிப்பூட்டைப் பூஞ்சையும் நோயுண்டாக்கும் திறனைப் பெருமளவு இழக்கின்றன. ஆனால் சாம்பல் பூசணமான பொட்ரைட்டிஸில் அதை நீக்கினாலும் நோய் குறைவதில்லை. ஆய்வக வளர்ப்புத் தட்டில் பெராக்சைடு கலந்து வளர்த்தால் மட்டும் அதுவும் துவண்டுபோகிறது. இந்த முரண்பாட்டை எப்படிப் புரிந்துகொள்வது?

நுண்ணோக்கி:
தட்டில் நாம் கலக்கும் பெராக்சைடு வெறும் நஞ்சு. இலையில் அதற்கு வேறு வேலைகளும் உண்டு என்பதிலிருந்து தொடங்குங்கள். அது செல்சுவரிலுள்ள புரதங்களைப் பின்னிப் பிணைத்து இறுக்குகிறது, பக்கத்துச் செல்களுக்கு எச்சரிக்கை தருகிறது, தேவைப்பட்டால் தாக்கப்பட்ட செல்லைத் தற்கொலைக்கும் தூண்டுகிறது. குலை நோய்ப் பூஞ்சை நுழைந்த முதல் சில நாட்கள் உயிருள்ள செல்லுக்குள்தான் வளர வேண்டியிருப்பதால், அந்தச் செல் செத்துவிட்டால் அதன் பாடும் திண்டாட்டந்தான்.

ஆகவே அது இரண்டு வழிகளில் போராடுகிறது. முதலாவது, வந்ததைச் சிதைப்பது. சாதாரண நிலையில் யாப்1 செல் உட்கருவிலிருந்து வெளியேற்றப்பட்டுக்கொண்டே இருக்கும். பெராக்சைடு கூடும்போது அதிலுள்ள சிஸ்டீன் என்ற கந்தகமுள்ள அமினோ அமிலங்களுக்கிடையே கந்தகப் பிணைப்பு உருவாகி, வெளியேற்றத்துக்கான அடையாளப் பகுதி மறைந்துபோகிறது. அப்போது அது உட்கருவிலேயே தங்கி, பெராக்சைடைச் சமாளிக்கும் குளூட்டாதையோன், தையோரெடாக்சின் சார்ந்த நொதிகளுக்கான மரபணுக்களை இயக்குகிறது. இந்த இயக்கமுறை ஈஸ்ட்டில்தான் தெளிவாக நிறுவப்பட்டது. இரண்டாவது வழி, உற்பத்தியையே அடக்குவது. என் மதிப்பீட்டில் இதுவே கூடுதல் முக்கியமானது. டெஸ்1 மரபணு இல்லாத குலை நோய்ப் பூஞ்சை இலைக்குள் வழக்கம்போல் நுழைகிறது, ஆனால் சுற்றியுள்ள நெற்செல்கள் பெராக்சைடு திரண்டு பழுப்பேறிவிட, அதன் வளர்ச்சி நின்றுபோகிறது. தாவரத்தின் ஆக்சிடேஸை வேதிப்பொருளால் தடுத்தால் அதே பூஞ்சை மீண்டும் வளர்கிறது. கரிப்பூட்டைப் பூஞ்சை பெப்1 என்ற புரதத்தைச் சுரந்து மக்காச்சோளத்தின் பெராக்சிடேஸ் நொதியை முடக்குவதும் இதே வகைத் தந்திரமே.

வேர்முனை:
பொட்ரைட்டிஸ் பற்றிய பாதியை நான் சொல்கிறேன். அது செத்த திசுவைத் தின்று வாழ்வது. தாவரம் தன் செல்லைத் தானே சாகடித்துக்கொள்வது குலை நோய்ப் பூஞ்சைக்குத் தடை. பொட்ரைட்டிஸுக்கோ அது விருந்து. அரபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் செடியில் இந்தச் செல் மரணம் பொட்ரைட்டிஸின் பரவலுக்குத் துணைபோகிறது என்பது 2000ஆம் ஆண்டிலேயே காட்டப்பட்டது. பெராக்சைடு பெருகுவதால் லாபமடையும் பூஞ்சைக்கு, அதை அடக்கும் கருவியான யாப்1 பழுதானால் பெரிய நட்டமில்லை. இறந்துகொண்டிருக்கும் திசுவில் அது சந்திக்கும் பெராக்சைடு, நாம் தட்டில் ஊற்றும் அளவை எட்டாமலும் இருக்கலாம். தட்டுச் சோதனையை மட்டும் நம்பி நோய்த்திறனைக் கணிப்பது பல ஆய்வேடுகளில் நான் காணும் குறை.

வரப்போரம்:
மிக்க நன்றி. அப்படியானால் குலை நோய்ப் பூஞ்சைக்கு இந்த ஆக்சிஜன் சேர்மங்கள் முற்றிலும் பகை என்று எழுதலாமா?

நுண்ணோக்கி:
அப்படி எழுத வேண்டாம். அந்தப் பூஞ்சைக்கே சொந்தமாக நாக்ஸ்1, நாக்ஸ்2 என்ற ஆக்சிடேஸ்கள் உண்டு. இலைமேல் ஒட்டிக்கொண்டு உருவாகும் அதன் ஊடுருவல் உறுப்பு மெலனின் பூசிய சுவருக்குள் 8 மெகாபாஸ்கல் வரை அழுத்தத்தைத் தேக்குகிறது. கார் டயரில் இருப்பதைப்போல் ஏறத்தாழ நாற்பது மடங்கு. நாக்ஸ் மரபணுக்களை நீக்கினால் அந்த உறுப்பு உருவானாலும் இலைத்தோலைத் துளைக்க முடிவதில்லை. தன் சூப்பர் ஆக்சைடை வைத்து நுழைந்து, தாவரத்தின் சூப்பர் ஆக்சைடை அடக்கி வளர்வது அதன் போக்கு. ஆகையால் பெராக்சைடு உள்ள இடத்தில் பழுப்பேறும் டிஏபி சாயத்தை இலையில் இட்டு, பழுப்பு நிறம் தெரிந்தால், அது யார் உண்டாக்கிய பெராக்சைடு என்ற கேள்வியையும் சேர்த்தே எழுப்புங்கள். நிறம் எந்த நேரத்தில், எந்தச் செல்லில் தோன்றியது என்று குறித்துவைக்காத படம் அதற்கு விடை தராது.