புதுப்பிப்பு: அண்ணாச்சியின் விருப்ப ஓய்வு

போன மாதம் கேட்டிருந்தேனே, நகராட்சியில் இருக்கும் எங்கள் அண்ணாச்சி, "வேலையெல்லாம் ஒப்பந்தக்காரர் கைக்குப் போகுது, ஆள் குறைப்பாங்க, இப்பவே எழுதிக் கொடுத்தா பெருந்தொகை வரும்" என்ற பேச்சை நம்பலாமா என்று. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பெருந்தொகை என்பது 2019-இல் விருப்ப ஓய்வில் போனவர்களுக்கு பிஎஸ்என்எல் கொடுத்தது: பணி முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 35 நாள், ஓய்வு வயதுக்கு மிச்சமிருக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 25 நாள் சம்பளம். அதைத்தான் யாரோ பாளையங்கோட்டை டீக்கடையில் இங்கே கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார்கள். அண்ணாச்சிக்கு உள்ளது தமிழ்நாடு அரசுப் பணி விதிகளில் விருப்ப ஓய்வுக்கான அடிப்படை விதி 56(3). 50 வயதோ 20 ஆண்டுப் பணியோ ஆகியிருந்தால் மூன்று மாத நோட்டீஸ் கொடுக்கலாம். ஓய்வூதியக் கணக்கில் அதிகபட்சம் 5 ஆண்டு சேரும், ஊக்கத்தொகை கிடையாது.

மைனிதான் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டாள். 27 ஆண்டு பணி, சேர்க்கிற ஆண்டுகளோடு 30 நிறைந்துவிடும். அப்போது கடைசிச் சம்பளத்தில் பாதி ஓய்வூதியமாக வரும். சரி, ஆனால் எந்தக் கடைசிச் சம்பளம்? ஓய்வு வயது 2021 முதல் 60. அண்ணாச்சிக்கு 54. "ஆறு இன்கிரிமென்ட்டைத் தூக்கிப் போட உங்களுக்கு மனசு வருதா?" என்றாள்.

விண்ணப்பம் இன்னும் மஞ்சப்பையில்தான் கிடக்கிறது. திங்கட்கிழமை வழக்கம்போல டிபன் பாக்ஸோடு பஸ் ஏறிவிட்டார்.