மறு: 'நிபந்தனை வினவல்' பொருந்துமா?

> தரவுத்தளத்திடம் கேட்கும் வினவல்களில் (query) எதை ஓட்டுவது என்று நிரலே இஃப் (if) வைத்து முடிவு செய்கிறதே, அதற்கு 'நிபந்தனை வினவல்' என்று வைக்கலாமா? கோலாலம்பூரில் பாடம் எடுக்கும்போது தேவைப்படுகிறது.

வணக்கம் ஐயா,

சொல் காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, எனக்குத்தான் ஒட்டவில்லை. தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல்லில் (SQL), எந்தத் தரவு வேண்டும் என்று நிபந்தனை சொல்லும் 'வேர்' (where) போட்டு எழுதும் எல்லாமே நிபந்தனை உள்ள வினவல்தானே?

சென்ற மாதம் இங்கே ஜார்ஜ்டவுனில் ஒரு மளிகை மொத்த வியாபாரிக்குத் தேடல் பக்கம் எழுதினேன். போஸ்கோட் (அஞ்சல் குறியீடு) 10200 என்று தட்டினால் ஒரு வினவல், கடைப் பெயரைத் தட்டினால் இன்னொன்று. பிஎச்பி (PHP) நிரல்மொழியில் ஓர் இஃப், ஓர் எல்ஸ்இஃப். இரண்டு பெட்டியையும் காலியாக விட்டு ஒருவர் பொத்தானை அழுத்துவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை, இரண்டும் இல்லையென்றால் என்ன செய்வது என்று சொல்லும் எல்ஸ் (else) எழுதவில்லை. வினவல் இருக்க வேண்டிய மாறியில் (variable) ஓர் எழுத்துகூட இல்லாத வெறும் சரம். வெள்ளைப் பக்கம். திங்கட்கிழமை கடை திறக்கும் முன்பே வியாபாரி கூப்பிட்டுவிட்டார். இரண்டு வினவல்களையும் தனித்தனியாக ஓட்டிப் பார்த்தேன், ஒழுங்காக ஓடின. பிழை அவற்றுக்கு வெளியே, வழி பிரியும் இடத்தில் இருந்தது.

அந்த இடத்துக்குத்தானே பெயர் கேட்கிறோம்? தமிழில் கடைசிச் சொல்தான் பொருளைச் சொல்லும். பால் கோப்பி என்றால் கோப்பி, கோப்பிப் பால் என்றால் பால். 'நிபந்தனை வினவல்' என்றால் வினவலில் ஒரு வகை என்றுதான் மாணவர் நினைப்பார். என் பரிந்துரை: வினவல் கிளைப்பு. 'கிளை வினவல்' என்று திருப்பிப் போட்டால் ஒரு வினவலுக்குள் வரும் துணை வினவலோடு குழம்பும். 'தெரிவு வினவல்' வேண்டவே வேண்டாம், அது தரவை எடுக்கும் செலக்ட் (select) கட்டளை.

பழந்தமிழில் பிரியும் வழிக்குக் 'கவலை' என்று ஒரு பெயர் உண்டு. 'வினவல் கவலை' அந்தத் திங்கட்கிழமைக்கு அப்படியே பொருந்தும், ஆனால் உங்கள் மாணவர்கள் ஓடிவிடுவார்கள்.

உங்கள் 'நிபந்தனை'யையும் வீணாக்க வேண்டாம். ஒரே வினவலுக்குள் 'கேஸ்' (case) போட்டு மதிப்பைத் தேர்ந்தெடுக்கிறோமே, அதற்கு 'நிபந்தனைக் கோவை' (conditional expression) என்று வைக்கலாம்.

*

> வினவல் கிளைப்பு

சரி, ஏற்றுக்கொள்கிறேன். 'வேர்' வினவலுக்கு உள்ளே, கிளை வெளியே என்று சொன்னால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். அப்புறம், நீங்கள் எழுதாமல் விட்ட அந்த எல்ஸ் கிளைக்கு என்ன பெயர்? 'எஞ்சு கிளை' என்று குறித்து வைத்திருக்கிறேன், வேறு தோன்றினால் எழுதுங்கள்.